வீட்டுக் கல்யாணத்தை நாமே திட்டமிட்டால், அந்தக் கல்யாணத்தைப் பார்க்க நமக்கு நேரம் கிடைக்குமா?

மொட்டைமாடி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில், சொந்தத்தில், நட்பு வட்டத்தில் எந்த விசேஷம் என்றாலும் திட்டம் போடுகிற வேலை என் தலையில்தான் விடியும். எப்படி ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தால், பத்து வருடத்துக்கு முன்னால் சித்தி மகனின் பிறந்தநாளுக்கு யார் யார் வருகிறார்கள் என்று நான் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன், அவ்வளவுதான், அன்றிலிருந்து "அவளிடம் கேளுங்கள், அவளுக்குத்தான் தெரியும்" என்று ஆகிவிட்டது. இதுவரை நான்கு கல்யாணம். பிறந்தநாள்களை எண்ணவில்லை.

போன வருடம் நெருங்கிய தோழியின் கல்யாணம். மணமக்கள் மேடையேறிய நேரத்தில் நான் பின்வாசலில் நின்றுகொண்டு, எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஆல்பம் வந்தது. முந்நூற்றுச் சொச்சம் படங்கள். நான் இருப்பது ஒன்றே ஒன்றில், அதிலும் முதுகு.

இப்போது தங்கை கல்யாணம். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நண்பர்களுக்கும் நெருங்கிய சொந்தத்துக்கும் மட்டும் ஒரு மாலை விருந்து, அதற்கு ஒரு தீம் வேண்டும் என்று அவளுக்கு ஆசை: பழைய ரயில் நிலையம். (அவளும் மாப்பிள்ளையும் முதன்முதலில் பேசிக்கொண்டது ரயிலில்.) விருந்துக்கு 80 பேர், கல்யாணத்துக்கு 180 பேர் என்று இப்போதைக்குக் கணக்கு.

என் கேள்வி இரண்டு. இந்தத் தீம் விஷயத்தைக் கேலிக்கூத்தாகாமல் எப்படிச் செய்வது? அப்புறம், இந்தத் தடவையாவது நான் அக்காவாக இருக்க முடியுமா, அல்லது இதுவும் பின்வாசல்தானா?

கணக்கன்:

முதலில் எண்ணிக்கையைப் பூட்டுங்கள். "இப்போதைக்கு 180" என்பது எண்ணிக்கை இல்லை, பயம். இரண்டு கல்யாணத்துக்குப் பட்டியல் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், மண்டபம், நாற்காலி, சாப்பாடு, வண்டி நிறுத்த இடம், கழிவறை வரிசை எல்லாமே அந்த ஒரு எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன. பட்டியல் நழுவினால் எல்லாம் சேர்ந்து நழுவும்.

ராபின் டன்பார் என்ற ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில், ஒரு மனிதனால் உறவென்று தக்கவைத்துக்கொள்ள முடிவது ஏறக்குறைய 150 பேரைத்தான் என்று சொன்னார். அதற்குள்ளேயே 5, 15, 50 என்று உள்வட்டங்கள். அந்த 150 சரியா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள், அது நமக்கு வேண்டாம், வட்டங்கள் என்ற யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இவர்களால் வர முடியாவிட்டால் தேதியையே மாற்றுவோம் என்பவர்கள் முதல் வட்டம். வராவிட்டால் மனசு கஷ்டப்படும் என்பவர்கள் இரண்டாவது. அழைக்காவிட்டால் அவர்கள் கஷ்டப்படுவார்கள் என்பவர்கள் மூன்றாவது. நான்காவது வட்டம் "அவர்கள் அழைத்தார்களே". வெட்டவேண்டி வந்தால் வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். ஒரே வட்டத்தில் பாதிப் பேரை மட்டும் வெட்டாதீர்கள், அங்கேதான் பத்து வருடப் பேச்சு கிளம்பும்.

மண்டபம் பார்க்கப் போகும்போது ஓர் அளவு நாடா கொண்டுபோங்கள். 5 அடி விட்டமுள்ள வட்ட மேசையில் 8 பேர் சௌகரியமாக உட்காரலாம், 10 பேர் என்றால் முழங்கை இடிக்கும். மேசைக்கும் மேசைக்கும் நடுவில் குறைந்தது 5 அடி வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் நாற்காலி பின்னால் தள்ளும், நடுவே ஒருவர் தட்டோடு போகவேண்டும். உங்கள் 80 பேருக்குப் பத்து மேசை.

யார் எந்த நாற்காலி என்று மட்டும் இறங்காதீர்கள். ஒரே ஒரு வட்ட மேசையில் 8 பேரை 5,040 விதமாக உட்காரவைக்கலாம். எந்த மேசை என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. 180 பேர் என்றால் 18,000 வாட். காலியான மண்டபத்தைப் பகலில் பார்த்துவிட்டு "ஜில்லென்று இருக்கிறதே" என்று முன்பணம் கொடுத்து ஏமாந்தவன் நான். முடிந்தால் வேறு யாருடைய விசேஷமாவது நடக்கும்போது போய் எட்டிப் பாருங்கள்.

சும்மாவந்தவன்:

எனக்கு ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தீம் எதற்கு? மனிதர்கள் மனிதர்களைப் பார்க்க வருகிறார்கள். ரயில் நிலையம் வேண்டுமென்றால் ரயில் நிலையத்துக்குப் போகலாமே. நான் போன தீம் விருந்துகளில் எல்லாம் வாசலில் நம்மை ஒரு அட்டைச் சட்டத்துக்குள் தலையை விடச்சொல்லிப் படம் எடுப்பார்கள், அதோடு தீம் முடிந்துவிடும்.

திரைச்சீலை:

@சும்மாவந்தவன் நீங்கள் போனது தீம் விருந்து இல்லை, அட்டை விருந்து.

நான் பொழுதுபோக்காக ஏழெட்டு வருடமாக நண்பர்கள் வீட்டு விசேஷங்களுக்கு அலங்காரம் செய்துகொடுக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை, தீம் என்பது அலங்காரம் அல்ல, விருந்தினர் செய்யவேண்டிய ஒரே ஒரு காரியம். 1966 நவம்பர் 28ஆம் தேதி நியூயார்க் பிளாசா ஹோட்டலில் ட்ரூமன் கபோட்டி என்ற எழுத்தாளர் ஒரு விருந்து கொடுத்தார், 500 பேருக்கு மேல் வந்தார்கள், இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அதன் தீம் என்ன தெரியுமா? கறுப்பு அல்லது வெள்ளை உடை, முகத்தில் ஒரு முகமூடி. அவ்வளவுதான். அந்த நிறங்களில் ஏதாவது ஒன்று எல்லோர் வீட்டு அலமாரியிலும் இருக்கும். வந்தவர்களே அலங்காரமாகிவிட்டார்கள். அவர் தன் முகத்தில் மாட்டிக்கொண்டது கடையில் வாங்கிய மலிவான முகமூடி என்பது கூடுதல் செய்தி.

ஆகவே மொட்டைமாடி, உங்கள் விருந்தினரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். வேடம் போட்டு வா என்று கேட்காதீர்கள், பாதிப் பேர் போடுவார்கள், பாதிப் பேர் போடமாட்டார்கள், இரண்டு தரப்புக்குமே கூச்சம். "சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் ஏதாவது ஒன்று அணிந்து வாருங்கள்" என்றால் போதும், பழைய புகைப்படம் மாதிரி இருக்கும்.

உங்கள் பக்கத்தில் மூன்று விஷயம். அழைப்பிதழ் பயணச்சீட்டாக இருக்கட்டும், தடித்த சின்ன அட்டை, அதில் இருக்கை எண்ணுக்குப் பதில் மேசையின் பெயர். மேசைகளுக்கு ஊர்ப் பெயர் வையுங்கள், அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன, போக ஆசைப்படுகிற ஊர்கள். அப்புறம் ஒரு பெரிய கடிகாரமும் ஒரு மணியும். மணி அடித்தால் அடுத்த நிகழ்ச்சி. இது அலங்காரம் மட்டுமில்லை, நீங்கள் மேசை மேசையாகப் போய் "வாருங்கள் வாருங்கள்" என்று கூப்பிடுவது மிச்சம். தீம் வேலையும் செய்யவேண்டும் என்பது என் கட்சி.

மேசைகளைச் சிவப்பு, பச்சை என்று நிறத்தால் மட்டும் பிரிக்காதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம், சில இனத்தவரில் ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவர். ஒரு தடவை நான் மாட்டிக்கொண்டேன், மாப்பிள்ளையின் அப்பாவே தவறான மேசையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

பலூன் வேண்டுமென்று யாராவது சொல்வார்கள். ஹீலியம் நிரப்பிய சாதாரண ரப்பர் பலூன் 12லிருந்து 20 மணி நேரம்தான் மிதக்கும். முதல் நாள் ராத்திரி நிரப்பி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினால் மறுநாள் மாலை தரையில் கிடக்கும்.

மொட்டைமாடி:

திரைச்சீலை அக்கா (அக்கா என்று கூப்பிடலாமா?), மணி யோசனை பிரமாதம். தங்கையிடம் சொன்னேன், குதிக்கிறாள். ஆனால் அவளுக்கு இன்னும் வேடம் ஆசை விடவில்லை. எங்கள் பெரிய மாமா இப்போதே "நான் வேட்டி சட்டைதான், பிடித்தால் கூப்பிடு" என்று சொல்லிவிட்டார்.

திரைச்சீலை:

தாராளமாக அக்கா என்றே கூப்பிடுங்கள். மாமாவை ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்குங்கள். உடை எதுவும் வேண்டாம், மணியை அவர் கையில் கொடுங்கள். அடிக்கும் உரிமை அவருக்கு மட்டும். பிறகு பாருங்கள்.

மூன்றாம்மணி:

பெயரில் மணி இருப்பதால் நானும் வருகிறேன். எனக்கு வயது அறுபத்தெட்டு, பார்த்த விசேஷங்கள் அதிகம், கெட்டுப்போனவை பற்றித்தான் சொல்லத் தெரியும்.

நண்பர் ஒருவர் ஓய்வு பெற்றபோது அவர் பிள்ளைகள் சேர்ந்து கடல் பயணம் என்று ஒரு தீம் வைத்தார்கள். அழகாகத்தான் இருந்தது. கேக் வெட்டும் நேரத்துக்குக் கடல் மூட்டம் வேண்டுமென்று புகை இயந்திரத்தைப் போட்டார்கள். மண்டபத்தில் புகை உணர்கருவி இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை. அபாய மணி அலறி, 90 பேரும் வெளியே மழையில். நண்பர் மட்டும் தலையில் கப்பல் கேப்டன் தொப்பியோடு சிரித்துக்கொண்டே நின்றார், நல்ல மனிதர். மண்டபக்காரரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் இயந்திரமே வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

இன்னொன்று பேச்சு. "இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்று ஐந்து பேரைக் கூப்பிட்டார்கள், ஒவ்வொருவரும் பதினைந்து நிமிடம். அதுவரை சாப்பாடு திறந்த பாத்திரத்தில் காத்துக்கொண்டிருந்தது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிடக்கும் உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படி வைக்கக்கூடாது, வெயில் கொளுத்தும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஒன்று சூடாக வைத்திருங்கள், அல்லது பேச்சைச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள். பிறகு வைத்தால் பேச்சு தானாகவே சுருங்கும், கேட்பவர்கள் கண் சொக்கும்.

ஒலிக்காரன்:

தொழிலே ஒலி அமைப்புதான், அதனால் எல்லா விசேஷத்திலும் எதிரி நான்தான். "சத்தம் குறை" என்று பெரியவர்கள், "ஏற்று" என்று இளவட்டம். என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

சத்தத்தில் மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள், எட்டியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை எழுதி 1911லேயே வெளியிட்டிருக்கிறார். நான் பாட்டை ஒரு புள்ளி ஏற்றுவேன், 80 பேரும் ஒரு புள்ளி ஏறுவார்கள், பாட்டு கேட்கவில்லை என்று யாராவது வந்து சொல்வார்கள், மறுபடி ஏற்றுவேன். அரை மணியில் எல்லோருக்கும் தொண்டை கட்டியிருக்கும். இதற்கு ஒரே வழி, ஆரம்பத்திலேயே குறைவாக வைத்து, சாப்பிடும் நேரத்தில் பேச்சுக்குக் கீழே இருக்கட்டும் என்று எனக்கு எழுதியே கொடுத்துவிடுங்கள். யார் வந்து கேட்டாலும் நான் அந்தத் தாளைக் காட்டுவேன்.

அளவு வேண்டுமென்றால்: நாளுக்கு 8 மணி நேரம் கேட்கிறவர்களுக்கு 85 டெசிபல் என்பது அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனத்தின் வரம்பு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி நேரம். 100 என்றால் வெறும் 15 நிமிடம். ஒலிபெருக்கிக்குப் பக்கத்து மேசையில் பாட்டியையும் கைக்குழந்தையையும் உட்காரவைக்கிறீர்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இரண்டு பெரிய பெட்டிகளை அலறவிடுவதைவிட நாலு சின்னப் பெட்டிகளைப் பரவலாக வைத்தால் கடைசி வரிசைக்கும் கேட்கும், முதல் வரிசைக்கும் காது தப்பும்.

ரயில் தீம் என்றதும் யாராவது பளிச் பளிச்சென்று மின்னும் விளக்கைக் கேட்பார்கள். ஒரு நொடிக்கு 3லிருந்து 30 தடவை மின்னும் ஒளி, ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. வேண்டாம், விடுங்கள்.

சும்மாவந்தவன்:

அந்த மாமா கையில் மணி என்ற ஒரு விஷயத்துக்காக மட்டும் என் தீம் எதிர்ப்பைத் தற்காலிகமாக வாபஸ் வாங்குகிறேன்.

நிழற்படக்காரி:

மொட்டைமாடி சொன்ன அந்த முதுகுப் படம் எனக்கு வலித்தது, ஏனென்றால் அப்படி நிறைய முதுகுகளை நான் எடுத்திருக்கிறேன்.

குழுப் படங்களுக்குப் பட்டியல் எழுதிக்கொடுங்கள். ஒரு குழுவை வரவழைத்து, நிற்கவைத்து, கண்ணாடியைக் கழற்றிச் சரிசெய்து, எடுத்து முடிக்க மூன்று நிமிடம். 25 குழு என்றால் ஒரு மணி கால் நேரம். மணமக்கள் அத்தனை நேரமும் மேடையிலேயே நிற்பார்கள், கால் போய்விடும். 12 குழுவாகக் குறையுங்கள், மீதி தானாக மேசைகளில் வரும். பட்டியலில் நான்காவது பெயர் உங்களுடையதாக இருக்கட்டும், கடைசியில் எழுதிக்கொண்டால் நடக்காது, எனக்குத் தெரியும்.

ஆட்களை மேடைக்குக் கொண்டுவந்து சேர்க்க எனக்கு ஓர் ஆள் வேண்டும், முகத்தையும் பெயரையும் தெரிந்த, சத்தமாகக் கூப்பிட வெட்கப்படாத ஆள். பெரும்பாலும் பதினாறு வயதுப் பிள்ளைகள் இதில் கில்லாடிகள். அப்புறம் ஊதா, பச்சை நிற விளக்குகளை முகத்தின் மேல் அடிக்காதீர்கள், சுவரில் அடியுங்கள். முகத்தில் விழுந்த ஊதாவை என்னால் பிறகு எடுக்க முடியாது.

முள்ளுச்செடி:

எல்லோரும் மேசை, மணி, விளக்கு என்று பேசுகிறீர்கள். அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், கசக்கும்.

மொட்டைமாடி, பின்வாசலில் உங்களை யாரும் நிறுத்தவில்லை. நீங்களே போய் நின்றீர்கள். நானும் அப்படி நின்றவள்தான், அதனால் சொல்ல உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். "அவளுக்குத்தான் தெரியும்" என்று சொல்லும்போது எரிச்சலாகவும் இருக்கும், உள்ளே இனிக்கவும் செய்யும். இனிப்பை விட மனசில்லாமல் எந்தத் தகவலையும் வேறு யாரிடமும் முழுதாகக் கொடுக்கமாட்டோம். பூக்காரர் எண் நம்மிடம், சாவி நம்மிடம், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பது நம் தலைக்குள். பிறகு எல்லோரும் நம்மைத்தான் தேடுவார்கள், வேறு எங்கே போவார்கள்? அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்.

மொட்டைமாடி:

இதை எதிர்பார்க்கவில்லை. பத்து வருடமாக ஒரு பைசா வாங்காமல் ராத்திரி பகல் பார்க்காமல் செய்தவளிடம் "உனக்கு அது இனிக்கிறது" என்றால் எப்படி இருக்கும்? நான் செய்யாவிட்டால் யார் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

மூன்றாம்மணி:

கோபம் வேண்டாம் அம்மா. அவர் சொன்ன விதம் முள், சொன்ன விஷயம் அப்படியில்லை.

கணக்கன்:

நடுவில் நுழைகிறேன். அன்றைக்கு மட்டும் ஒருங்கிணைக்க வெளியாள் ஒருவரை அமர்த்துங்கள். திட்டம் முழுக்க உங்களுடையது, நடத்துவது அவர். செலவுதான், ஆனால் அலங்காரத்தில் ஒரு வளைவைக் குறைத்தால் அந்தப் பணம் வந்துவிடும்.

மொட்டைமாடி:

இரண்டு நாளாக இங்கே வரவில்லை. முள்ளுச்செடி, உங்கள் மேல் கோபமாகத்தான் இருந்தேன். நேற்று தங்கை வந்து, "மண்டபக்காரர் எண் கொடு அக்கா, வாசல் அகலம் கேட்கணும்" என்றாள். "நான் கேட்டுச் சொல்கிறேன்" என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. அவள் கல்யாண மண்டபத்தின் எண்ணை அவளுக்கே கொடுக்காமல். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

வெளியாள் யோசனையை வீட்டில் சொன்னேன். அப்பா, "நீ இருக்கும்போது வேற்றாள் எதற்கு" என்றார். அம்மா, "அதைத்தான் அவள் சொல்கிறாள், அவள் இருக்கவேண்டும் என்று" என்றாள். அப்பா அப்புறம் பேசவில்லை. ஆனால் இப்போதைக்கு வெளியாள் இல்லை, என் சித்தி மகன் (பழைய பிறந்தநாள் நாயகன், இப்போது கல்லூரி) செய்கிறேன் என்கிறான். எப்படிக் கைமாற்றுவது? எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதினால் நாற்பது பக்கம் வருகிறது.

முள்ளுச்செடி:

கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம், மன்னியுங்கள்.

நாற்பது பக்கத்தை யாரும் படிக்கமாட்டார்கள். ஒரே ஒரு தாள். இடது பக்கம் நேரம், நடுவில் என்ன நடக்கவேண்டும், வலது பக்கம் யார் பொறுப்பு, அவர் எண். நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதாதீர்கள், கால் மணிக் கணக்கில் எழுதுங்கள், ஒவ்வொரு இரண்டு மணி நேரத்திலும் அரை மணியைச் சும்மா விடுங்கள், அது தானாக நிரம்பிவிடும். தாளின் அடியில் மூன்று வரி: எந்த முடிவைத் தம்பியே எடுக்கலாம், எதற்கு அப்பாவைக் கேட்கவேண்டும், எதற்காக மட்டும் உங்களிடம் வரலாம். மூன்றாவது வரியில் இரண்டு விஷயத்துக்கு மேல் எழுதாதீர்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஒரு வாரத்துக்கு முன்பே பூக்காரர், வண்டிக்காரர், மண்டபக்காரர் எல்லோருக்கும் "இனிமேல் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று தம்பியின் எண்ணை அனுப்பிவிடுங்கள். அன்றைக்குக் கைமாற்றினால் பழக்கதோஷத்தில் உங்களைத்தான் அழைப்பார்கள்.

ஒலிக்காரன்:

அனுபவத்தில் சொல்கிறேன், ஃபோனையே வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ஃபோன் கையில் இருக்கும் ஆள் விருந்தினர் இல்லை.

நடைவண்டி:

இழையை முழுக்கப் படித்தேன். தங்கை வாசல் அகலம் கேட்டாள் என்றீர்களே, சக்கர நாற்காலியில் யாராவது வருகிறார்களா? நான் ஒன்பது வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன், எல்லா விசேஷத்திலும் "நாலு பேர் தூக்கிவிடுகிறோம்" என்பார்கள். நல்ல மனசுதான். பட்டுச் சேலையோடு எல்லோர் கண் முன்னாலும் மூட்டை மாதிரி தூக்கப்படுவது எப்படி இருக்கும் என்று தூக்கப்பட்டவரிடம் கேட்டால்தான் தெரியும்.

வாசலில் நாற்காலி நுழையக் குறைந்தது 32 அங்குலம் தடையில்லாமல் வேண்டும். சரிவுப் பலகைக்குக் கணக்கு 1க்கு 12, அதாவது 6 அங்குல உயரமுள்ள ஒரே ஒரு படிக்கு 6 அடி நீளப் பலகை. மூன்றடிப் பலகையைச் சாய்த்துவிட்டு "சரிவு இருக்கிறது" என்பார்கள், அதில் ஏறினால் நாற்காலி பின்பக்கம் கவிழும். மேடைக்கும் இதே கணக்கு என்பதால் மேடை உயரமாக இருந்தால் பலகை நீண்டுகொண்டே போகும். என்னைக் கேட்டால் மேடையே வேண்டாம், தரையில் ஒரு விரிப்பு போட்டு அதுதான் இடம் என்று சொல்லிவிடலாம். அப்புறம் மேசையில் எனக்காக ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு வெற்றிடம் விடுங்கள், நான் வந்தபிறகு எல்லோரும் எழுந்து நாற்காலியை நகர்த்தும் காட்சி வேண்டாம்.

மொட்டைமாடி:

எங்கள் பாட்டிதான். போன மாதம் விழுந்ததிலிருந்து நாற்காலியில். நாங்களும் "தூக்கிவிடலாம்" என்றுதான் பேசிவைத்திருந்தோம். நன்றி, வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மேடையை எடுத்துவிடுகிறோம், தங்கைக்கும் தரையில்தான் ஆசையாம், என்னிடம் சொல்லப் பயந்தாளாம்!

மூன்றாம்மணி:

விருந்து எப்படி முடியும் என்று யோசித்தீர்களா? எல்லோரும் தொடக்கத்தைத் திட்டமிடுவார்கள், முடிவு தானாக நடக்கட்டும் என்று விடுவார்கள், கடைசியில் மேசை விரிப்பை உருவ ஆரம்பிக்கும்போதுதான் விருந்தினருக்கு "ஓ, முடிந்துவிட்டது" என்று புரியும்.

டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் வேறு சிலரும் 1993ல் வெளியிட்ட ஒரு சோதனை. 14 டிகிரிக் குளிர்ந்த நீரில் கையை 60 நொடி வைக்கவேண்டும். இன்னொரு தடவை அதே 60 நொடி, அதற்கு மேல் கூடுதலாக 30 நொடி, அந்த 30 நொடியில் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். மறுபடி எதைச் செய்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். கூடுதல் கஷ்டம், ஆனால் முடிவு கொஞ்சம் இதம். மனசு நேரத்தை எண்ணுவதில்லை, உச்சத்தையும் முடிவையும் வைத்துக்கொள்கிறது.

அதனால் மாமாவின் கடைசி மணிக்கு ஏதாவது வையுங்கள். கடைசி ரயில் புறப்படுகிறது என்று அறிவித்து மணமக்களை எல்லோரும் வாசல்வரை வழியனுப்பினாலே போதும்.

திரைச்சீலை:

அதேதான்! அந்த நேரத்தில் எல்லோரும் கைக்குட்டை ஆட்டவேண்டும். சாம்பல் நிறச் சட்டை, வெள்ளைக் கைக்குட்டை. ஐயா, நீங்கள் இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?

மொட்டைமாடி (மூன்று மாதம் கழித்து):

முடிந்தது. இரண்டுமே. தூங்கி எழுந்து இப்போதுதான் எழுதுகிறேன்.

விருந்துக்கு 80 பேர் என்றது 74 ஆனது. சாம்பல், பழுப்பு எல்லோரும் அணிந்து வந்தார்கள், பெரிய மாமா உட்பட. கறுப்புக் கோட்டும் எங்கிருந்தோ தேடி எடுத்து வந்துவிட்டார், வேட்டியின் மேல் கோட்டு, கையில் மணி. சாப்பாட்டுக்கு மணி அடித்தார், பேச்சுக்கு அடித்தார், என் தம்பி முறைப் பையன் ஒருவன் நான்கு நிமிடத்தைத் தாண்டிப் பேசியபோது யாரும் சொல்லாமலேயே அடித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. @சும்மாவந்தவன் உங்களை நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலையில் ஃபோனைச் சித்தியிடம் கொடுத்தேன். முதல் ஒரு மணி நேரம் கை பரபரவென்று இருந்தது. யாரோ பின்பக்கம் வேகமாக ஓடியபோது நானும் எழுந்துவிட்டேன், பாட்டி என் புடவையைப் பிடித்து "உட்காருடி" என்றாள். உட்கார்ந்தேன். மேடை இல்லாததால் பாட்டி முதல் வரிசையிலும் முன்னால், தங்கைக்கு மூன்றடி தூரத்தில், நான் பக்கத்தில். தங்கை அழுததை, மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை, எல்லாவற்றையும் பார்த்தேன்.

அன்றைக்கு இரண்டு காரியம் கெட்டுப்போயிருக்கிறது. பூ ஒன்றரை மணி நேரம் தாமதம், வண்டி எங்கோ நின்றுவிட்டதாம். சாப்பாட்டுக் கூடத்தில் பாதி விளக்கு அணைந்து, தம்பி ஓடிப்போய்ச் சரிசெய்திருக்கிறான். இரண்டுமே எனக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். நானாக இருந்தால் விளக்கைச் சீக்கிரமாகச் சரிசெய்திருப்பேன் என்று ஒரு நினைப்பு வந்தது, மறைக்கவில்லை.

நிழற்படக்காரி:

படம்?

மொட்டைமாடி:

இன்னும் முழு ஆல்பம் வரவில்லை. வந்தவரைக்கும் பதினேழில் இருக்கிறேன், ஒன்றில் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு, பார்க்கச் சகிக்கவில்லை. அதைத்தான் அம்மா பெரிதாக்கி மாட்டப்போகிறாளாம்.

புதுவரவு:

வணக்கம், இன்றைக்குத்தான் சேர்ந்தேன். அடுத்த மாதம் அண்ணன் கல்யாணம், எங்கள் வீட்டில் அந்த நோட்டுக்காரி நான்தான். அந்த ஒரு பக்கத் தாளைக் கொஞ்சம் இங்கே போட முடியுமா அக்கா?

மொட்டைமாடி:

என்னிடம் இல்லை, தம்பியிடம் இருக்கிறது. அவனைத்தான் கேட்கவேண்டும், அவனுக்குத்தான் தெரியும்.